தங்கைக்கு உயரம் போதாதா? ஒரு கூடைப்பந்தாட்டப் பயிற்றுவிப்பாளரின் பதில்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறீர்கள், அவ்வாறே செய்கிறேன். மற்ற வாசகர்களுக்காகக் கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன். ஹட்டனுக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்தில் பிறந்த நீங்கள் இப்போது கொழும்பில், புறக்கோட்டையிலுள்ள ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறீர்கள். அம்மா கொழுந்து பறிக்கிறார். தரம் 9 இல் படிக்கும் தங்கைக்கு 14 வயது. உயரம் ஐந்தடி ஓரங்குலம். சில ஆண்டுகள் வலைப்பந்தாட்டத்தில் சென்டர் இடத்தில் ஆடிவிட்டுக் கடந்த ஆண்டுதான் கூடைப்பந்தாட்டத்துக்கு மாறியிருக்கிறாள். வலய மட்டத் தெரிவில் அவளை எடுக்கவில்லை. "பிள்ளை நன்றாக ஓடுகிறாள், ஆனால் உயரமில்லை, வாயும் திறப்பதில்லை" என்று தெரிவாளர் ஒருவர் சொன்னாராம். கட்டைக் காற்சட்டை, இருட்டிய பிறகு வீடு திரும்புவது, இரண்டு ஆண்டுகளில் வரப்போகும் சாதாரண தரப் பரீட்சை ஆகிய மூன்றும் அம்மாவின் கவலைகள். இந்த ஆட்டத்தில் முன்னேறும் பிள்ளைகளிடம் எத்தகைய குணங்கள் இருக்கும், அவை தங்கையிடம் உண்டா என்பதை விளையாட்டுத் தெரியாத நீங்கள் எப்படி அறிவது, கொழும்பில் ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்க்கப் பணம் சேமிக்கலாமா என்பவை உங்கள் கேள்விகள்.

உயரத்திலிருந்தே தொடங்குகிறேன், எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கு அருகில் கை எட்டுபவருக்கு நன்மை எதுவுமில்லை என்று ஒருவர் உங்களிடம் சொன்னால், அவர் ஆறுதல் சொல்கிறாரே தவிர உண்மை சொல்லவில்லை. நம் நாட்டின் வலைப்பந்தாட்ட அணியில் 208 சென்ரிமீட்டர் உயரமுள்ள தர்ஜினி சிவலிங்கம் 2019 ஆம் ஆண்டு லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் மற்றெவரையும்விட அதிகமான கோல்களைப் போட்டதை எல்லோரும் அறிவோம். அந்தக் கைகளுக்குப் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்த குட்டையான ஆட்டக்காரிகளின் பெயர்களை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம் என்பது வேறு விடயம்.

பூப்பெய்திய பின்னர் பெண் பிள்ளைகளின் உயர வளர்ச்சி வேகமாகக் குறைந்துவிடும். ஆகவே உங்கள் தங்கை இனியும் சில சென்ரிமீட்டர்கள் வளரலாமே தவிர, ஆறடிப் பெண்ணாக மாறப்போவதில்லை என்று எடுத்துக்கொண்டு, பந்தைக் கொண்டுசென்று ஆட்டத்தை நடத்தும் கார்ட் இடத்துக்கு அவளைத் தயார்படுத்துவதே நேர்மையான திட்டம். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டமான என்.பி.ஏ. போட்டிகளில் மக்சி போக்ஸ் என்பவர் ஐந்தடி மூன்றங்குல உயரத்தோடு 14 பருவகாலங்கள் ஆடினார் என்பதை இதற்கு உதாரணமாகக் காட்டுவார்கள். அவர் அசாத்தியமான வேகமுள்ளவர். எல்லாக் குட்டையர்களுக்கும் அவரை உதாரணமாக்க முடியாது. ஆனாலும் அவர் ஆடியது கார்ட் இடத்தில் என்பதையும், எதிரணியினர் பந்தைத் தரையில் தட்டும்போது அவர்களுடைய இடுப்புக்குக் கீழே புகுந்து பந்தைப் பறிப்பதையே தம் தொழிலாக வைத்திருந்தார் என்பதையும் கவனியுங்கள். குட்டையானவருக்குக் கிடைக்கும் இடம் அங்கேதான் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. 2016 ஆம் ஆண்டின் மக்கள்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ 17 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தபோது, தோட்டப்புறங்களில் அது ஏறத்தாழ 32 சதவீதமாக இருந்தது. அந்த இடைவெளியை உண்டாக்கியது சோற்றுப் பானையும் குடிநீரும் தாய்மாரின் வேலைப்பளுவுமே. இரத்தத்தில் ஊறிய குறை அல்ல. உயரத்தை மட்டும் அளந்து அணி சேர்க்கும் தெரிவாளர் ஒருவர், தாம் அறியாமலே தோட்டப் பிள்ளைகளைக் கூட்டமாக ஒதுக்கிவிடுகிறார்.

பின்னாளில் உலகப் புகழ் பெற்ற அமெரிக்க ஆட்டக்காரர் மைக்கல் ஜோர்டனைப் பள்ளி அணியிலிருந்து துரத்திவிட்டார்கள் என்ற கதையையும் யாராவது தங்கையிடம் சொல்லியிருப்பார்கள். நடந்தது அதுவல்ல. 1978 இல், அவருக்கு 15 வயதாக இருந்தபோது, மூத்தோர் அணியில் இருந்த இடம் அவரைவிட உயரமான ஒரு நண்பருக்குக் கொடுக்கப்பட்டு, ஜோர்டன் இளையோர் அணிக்கு அனுப்பப்பட்டார். பிறகு அவர் உயர்ந்து வளர்ந்தார் என்பதால், உயரத்தைப் பொறுத்தவரை அந்தக் கதை தங்கைக்கு உதவாது. உதவக்கூடிய பகுதி வேறு: மூத்தோர் அணியின் வாங்கில் உட்கார்ந்திருப்பதற்குப் பதிலாக, இளையோர் அணியில் ஒவ்வோர் ஆட்டத்திலும் நீண்ட நேரம் ஆடும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. வலய அணிக்கு எடுக்கப்படாத தங்கைக்கும் பாடசாலை அணியில் இந்த ஆண்டு அத்தகைய நீண்ட நேரம் கிடைக்கும். 14 வயதில் சீருடையைவிட ஆடும் நிமிடங்களே பெறுமதியானவை.

இனி, நீங்கள் கேட்ட குணங்களுக்கு வருகிறேன். முதலில் ஒரு சின்னக் கணக்கு. முழு ஆட்டம் பத்து நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளாக 40 நிமிடங்கள் நடக்கிறது. அதில் பாதி நேரம் பந்து எதிரணியிடம் இருக்கும். மீதி 20 நிமிடங்களை ஐந்து பேர் பகிர்ந்துகொண்டால், ஆளுக்குச் சராசரியாக 4 நிமிடங்கள். கார்ட் என்றால் சற்றுக் கூடலாம், அவ்வளவுதான். முழு ஆட்டத்தையும் ஆடும் பிள்ளைகூட ஏறத்தாழ 36 நிமிடங்கள் பந்தில்லாமல்தான் ஆடுகிறாள். பார்வையாளர்களும் பெற்றோரும், வருத்தத்தோடு சொல்கிறேன், சில தெரிவாளர்களும் அந்த 4 நிமிடங்களை மட்டுமே பார்க்கிறார்கள். பல ஆண்டுகளாகப் பாடசாலைப் பெண் பிள்ளைகளின் அணிகளைப் பயிற்றுவிப்பவள் என்ற முறையில் நான் உங்களுக்குச் சொல்வது இதுதான்: யார் முன்னேறுவார்கள் என்பது பெரும்பாலும் மற்ற 36 நிமிடங்களிலேயே தெரிந்துவிடும். அதைப் பார்க்க விளையாட்டு அறிவு அதிகம் தேவையில்லை. பந்தைப் பார்க்காமல் தங்கையை மட்டும் பார்க்கும் பொறுமை இருந்தால் போதும்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஓர் ஆட்டத்தை அப்படிப் பாருங்கள். அவளுடைய பந்து பறிபோன அந்தக் கணத்தில் அவள் முகத்தைப் பார்க்காமல் கால்களைப் பாருங்கள். தலையில் கை வைத்து நிற்கிறாளா, நடுவரைப் பார்க்கிறாளா, தவறவிட்ட தோழியை முறைக்கிறாளா, அல்லது முதல் அடியிலேயே திரும்பித் தன் வளையத்தை நோக்கி ஓடுகிறாளா? பாடசாலை ஆட்டங்களில் புள்ளிகளில் பெரும் பங்கு, ஒரு தவறுக்குப் பின் வரும் மூன்று நான்கு விநாடிகளில், எதிரணி வேகமாக ஓடிவந்து வளையத்துக்கு அருகிலிருந்து போடும் லே-அப்களாகவே கிடைக்கிறது. தவறு செய்யாத பிள்ளை என்று யாருமில்லை. தவறுக்கும் அடுத்த செயலுக்கும் இடையிலுள்ள நேரத்தைக் குறைத்துக்கொண்டவளே நல்ல ஆட்டக்காரி. இது பிறவிக் குணம் என்று நான் நம்புவதில்லை. வீட்டிலும் வகுப்பிலும் தவறுக்குப் பெரிய தண்டனை கிடைத்துப் பழகிய பிள்ளைகள் தவறு நடந்தவுடன் உறைந்து நிற்பதையும், சில மாதங்களில் அவர்களே அதிலிருந்து வெளியே வருவதையும் ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

பிறகு, எதிரணியிடம் பந்து இருக்கும்போது அவள் எப்படி நிற்கிறாள் என்று பாருங்கள். முழங்கால் மடிந்து, இடுப்புத் தாழ்ந்து, கைகள் விரிந்திருந்தால் அவள் ஆட்டத்துக்குள் இருக்கிறாள். நிமிர்ந்து நின்றால் வேடிக்கை பார்க்கிறாள். தன் ஆளிடம், அதாவது அவள் மறிக்க வேண்டிய எதிரணிப் பெண்ணிடம், பந்து இல்லாத வேளையில் அவள் கண் அந்த ஆளையும் பந்தையும் மாறி மாறிப் பார்க்கிறதா? தோழி ஏமாற்றப்பட்டால் இவள் ஓரடி குறுக்கே வருகிறாளா? வளையத்தை நோக்கிப் பந்து எறியப்பட்டவுடன், மேலே அண்ணாந்து பார்ப்பதற்கு முன், தன் ஆளைத் தேடி முதுகால் தடுத்து நிற்கிறாளா? கடைசியில் சொன்ன செயல்தான் குட்டையான பிள்ளைக்கு ரீபவுண்டில், அதாவது வளையத்தில் விழாமல் திரும்பி வரும் பந்தைப் பிடிப்பதில், பங்கு வாங்கித் தருகிறது, ஏனென்றால் தடுக்கப்பட்ட உயரமான பெண்ணால் பந்து விழும் இடத்துக்கு வரவே முடியாது. இவை எதுவும் புள்ளிப் பலகையில் வராது. ஆனால் அனுபவமுள்ள பயிற்றுவிப்பாளர் ஒருவர் அணியின் பதினோராவது, பன்னிரண்டாவது ஆளைத் தெரிவு செய்யும்போது இவற்றைத்தான் பார்ப்பார்.

தங்கை வலைப்பந்தாட்டத்திலிருந்து வந்ததை ஒரு குறையாக எழுதியிருக்கிறீர்கள். நான் அதைச் சொத்தாகவே பார்க்கிறேன். அந்த ஆட்டத்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. மூன்று விநாடிகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். ஆகவே அங்கே ஆட்டம் முழுவதும் பந்தில்லாதவர்களின் ஓட்டத்தில்தான் நடக்கிறது. அதிலும் சென்டர் என்பது மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடி இரு பக்கத்தையும் இணைக்கும் இடம். பந்தைப் பிடித்தவுடன் ஒரு காலில் நிலைத்து நின்று திரும்பவும், ஓடுபவரின் முன்னால் பந்தை இடவும் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். இல்லாதவை மூன்று. சென்டராக ஆடுபவர் கோல் வட்டத்துக்குள் போகவும் முடியாது, கோல் எறியவும் முடியாது என்பதால், எறிவதை அவள் அடியிலிருந்தே கற்க வேண்டும். வலைப்பந்தாட்டத்தில் பந்து வைத்திருப்பவரிடமிருந்து எதிராளி ஏறத்தாழ 90 சென்ரிமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். இங்கே உடலோடு ஒட்டி நிற்பார்கள், அந்த நெருக்கத்துக்குப் பயப்படாமல் பழக வேண்டும். மூன்றாவது, பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நகரும் டிரிப்ளிங்.

டிரிப்ளிங்கில் எல்லோரும் வேகத்தை மெச்சுவார்கள். நான் கண்களைப் பார்ப்பேன். அம்மா கொழுந்து பறிக்கும்போது கவனித்திருப்பீர்கள்: இரண்டு கைகளும் ஒரு செடியில் கிள்ளிக்கொண்டிருக்க, கண் அடுத்த செடிக்குப் போயிருக்கும், கையைப் பார்த்துப் பறிப்பவரால் கிலோக் கணக்கை எட்ட முடியாது. பந்தைத் தட்டும் கையும் அப்படித்தான் பழக வேண்டும், இடது கை உட்பட. வலது கையால் மட்டும் தட்டும் கார்டை எதிரணி இரண்டு நிமிடங்களில் கண்டுபிடித்து ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். தினமும் கால் மணிநேரம், இடது கை மட்டும், சுவரில் ஒட்டிய ஒரு தாளை வாசித்துக்கொண்டே தட்டச் சொல்லுங்கள். பாடப் புத்தகத்தின் பக்கமாகவே இருக்கட்டும், அம்மாவும் சந்தோஷப்படுவார்.

திருத்தத்தை ஏற்றுக்கொள்ளும் குணத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் பிள்ளைகளிடம் இது பணிவு என்று தவறாக விளங்கிக்கொள்ளப்படுகிறது. ஆசிரியர் சொன்னதும் தலையாட்டுவது பணிவு. அது நல்லதுதான், ஆனால் ஆட்டத்துக்குப் போதாது. சொன்னதை அடுத்த பந்திலேயே செய்து பார்த்து, அது பிழைத்து, எல்லோர் முன்னிலையிலும் முன்பைவிட மோசமாகத் தெரிவதற்கு உடன்படுவதுதான் நான் சொல்லும் குணம். ஸ்டீபன் கரி இன்று மூன்று புள்ளி எறிகளில் உலகப் புகழ் பெற்றவர். உயர்நிலைப் பாடசாலையில் படித்தபோது அவர் இடுப்பருகிலிருந்து பந்தை எறிந்துவந்தார். அது எளிதில் தடுக்கப்பட்டுவிடும் என்பதால், முன்னாள் ஆட்டக்காரரான அவருடைய தந்தை ஒரு கோடை விடுமுறை முழுவதும் அவரை வளையத்துக்கு அருகிலேயே நிறுத்தி, எறியும் முறையை அடியோடு மாற்றினார். அந்த மாதங்களில் அவரால் தூரத்திலிருந்து எறியவே முடியவில்லை. அந்தக் கோடை தமக்குப் பிடிக்கவேயில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். ஏற்கெனவே ஓரளவு வெற்றி தந்துகொண்டிருக்கும் பழக்கத்தை விடுவது, தெரியாததைக் கற்பதைவிடக் கடினம். தங்கை எறிவதைப் புதிதாகத் தொடங்குகிறாள் என்பதால் அவளுக்கு அந்தத் துன்பம் இல்லை. வளையத்துக்கு இரண்டு மீட்டர் அருகிலிருந்து, ஒரு கையால், முழங்காலிலிருந்து வரும் பலத்தோடு எறியத் தொடங்கட்டும், எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் தடையற்ற எறியை எறிவதற்கென, பின்பலகையிலிருந்து 4.6 மீட்டரில் இருக்கும் ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு மெதுவாகப் பின்வாங்கட்டும். அந்தக் கோட்டில் உயரத்துக்கு வேலையில்லை, யாரும் முன்னால் நின்று மறிப்பதில்லை. குட்டையான பிள்ளை சொந்தமாக்கிக்கொள்ள வேண்டிய இடம் அது.

அவள் வாய் திறப்பதில்லை என்ற குறையைத் தெரிவாளர் காரணமில்லாமல் சொல்லவில்லை. எதிரணிப் பெண் ஒருத்தி பின்னாலிருந்து ஸ்கிரீன் வைக்க, அதாவது வழியை மறித்து அசையாமல் நிற்க, வரும்போது, அதைக் கண்டவள் கத்தாவிட்டால், காணாத தோழி முழு வேகத்தில் போய் மோதுவாள். ஆகவே ஆடுகளத்தில் பேசுவது தோழியின் உடலைக் காக்கும் வேலை. ஆனால் அதற்காக அமைதியான பிள்ளை வாயாடியாக மாறத் தேவையில்லை. தேவைப்படுபவை ஏழெட்டு அழைப்புகள்தான்: பந்து யாரிடம், ஸ்கிரீன் எந்தப் பக்கம், ஹெல்ப், அதாவது உதவிக்கு வரும் தோழி, எங்கே, மறிக்கும் ஆளை மாற்றிக்கொள்வதா, இல்லையா. பயிற்சியில் முதல் மாதம் ஓர் அழைப்பை மட்டும் அவளுடைய பொறுப்பாக்கும்படி ஆசிரியரிடம் கேளுங்கள். அது பழகிய பின் இரண்டாவது. மாகாண மட்டத்துக்குப் போனால் சிங்கள மொழிமூலப் பிள்ளைகளோடு ஒரே அணியில் ஆட நேரிடும் என்பதால், அதே அழைப்புகளைச் சிங்களத்திலும் இப்போதே கற்றுவைக்கட்டும். தமிழ்மொழிமூலப் பாடசாலைகளிலிருந்து வரும் திறமையான பிள்ளைகள் தெரிவு முகாம்களில் ஓரத்தில் ஒதுங்கி நிற்பதற்குக் கூச்சத்தைக் காரணமாகச் சொல்வார்கள். பெரும்பாலும் அது மொழியால் வந்த தயக்கமே.

உடலைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை, ஆனால் நான் சொல்லியாக வேண்டும். 14 வயதுப் பெண் பிள்ளை இரண்டாவது பாதியில் மூச்சு வாங்கி, முகம் வெளிறி, "சோம்பேறி" என்று பெயர் வாங்கினால், நான் முதலில் சந்தேகிப்பது இரத்தச்சோகையை. மாதவிடாய் தொடங்கிய வயதில் இரும்புச்சத்துக் குறைவது எளிது. நம் வீடுகளில் ரொட்டியும் கட்டச்சம்பலும் சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிப்பது வழக்கம். தேயிலையிலுள்ள பதார்த்தங்கள் சாப்பாட்டிலுள்ள இரும்பை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன. தேநீரை நிறுத்தச் சொல்லி எந்தத் தோட்டத்திலும் யாரும் வெற்றி பெறப்போவதில்லை. சாப்பிட்டு ஒரு மணிநேரம் கழித்துக் குடிக்கச் சொன்னால் போதும். நெத்தலி, பருப்பு, கீரை, கிடைக்கும்போது ஈரல் அல்லது முட்டை, கூடவே தேசிக்காயோ கொய்யாவோ இருந்தால் நல்லது. அரசாங்க வைத்தியசாலையில் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துவிடுங்கள். இந்த வயதுப் பெண் பிள்ளைக்கு அது டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் வைத்தியர் சொல்வதைக் கேட்க வேண்டும். எந்தப் பயிற்சி நிலையமும் தராத முன்னேற்றத்தை இது ஓரிரு மாதங்களில் தருவதுண்டு.

முழங்கால்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கூடைப்பந்தாட்டத்தில் முழங்கால் மூட்டுக்குள்ளே இருக்கும் ஏ.சி.எல். என்ற தசைநார் அறுவது ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளுக்குப் பல மடங்கு அதிகம். அதுவும் யாரும் தொடாமல், குதித்து இறங்கும்போதே நடக்கும். தங்கை குதித்து இறங்குவதை முன்னாலிருந்து தொலைபேசியில் படம் பிடித்துப் பாருங்கள். முழங்கால்கள் ஒன்றையொன்று நோக்கி உள்ளே சாய்ந்தால், அதைத் திருத்துவது எல்லாப் பயிற்சியையும்விட முந்தியது. தோட்டத்துப் படிகளில் ஏறி இறங்கி வளர்ந்த கால்களுக்குத் தாங்கும் சக்தி உண்டு, ஆனால் மெதுவாகவும் ஓசையின்றியும் இறங்கும் பழக்கம் தனியாகக் கற்க வேண்டியது. மே தொடக்கம் செப்டெம்பர் வரை ஹட்டன் பக்கத்தில் மழை விடாது. பாசி பிடித்த சீமெந்துத் தரையில் ஓடுவதைவிட, அந்த நாட்களில் பாடசாலை மண்டபத்திலோ வகுப்பறை விறாந்தையிலோ இறங்கும் பயிற்சியும், தாழ்ந்து நின்று பக்கவாட்டில் நகரும் பயிற்சியும், சுவரில் பந்து எறிந்து பிடிப்பதும் செய்யலாம். அமெரிக்கப் பல்கலைக்கழகப் போட்டிகளில் 1964 முதல் 1975 வரை பத்துக் கிண்ணங்களை வென்ற பயிற்றுவிப்பாளர் ஜோன் வுடன், பருவத்தின் முதல் நாளில் ஆட்டக்காரர்களுக்குக் காலுறையைச் சுருக்கமில்லாமல் அணியக் கற்றுக்கொடுப்பாராம், கொப்புளம் வந்தால் பயிற்சி தவறும் என்பதற்காக. நம் குளிரிலும் ஈரத்திலும் ஒரு மாற்றுக் காலுறை புத்தகப் பையில் இருப்பது அதைவிட அவசியம்.

தூக்கமும் அப்படியே. இந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணிநேரம் வேண்டும். 2011 இல் வெளிவந்த அமெரிக்க ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வொன்றில் அங்குள்ள கூடைப்பந்தாட்டக்காரர்கள் பதினொரு பேரைச் சில வாரங்கள் கூடுதலாகத் தூங்கவைத்தபோது, அவர்களுடைய ஃப்ரீ த்ரோ துல்லியம் 9 சதவீதம் உயர்ந்தது. சிறிய ஆய்வுதான், இருந்தாலும் லயன் அறையில் இரவு பத்து மணிக்குத் தொலைக்காட்சியை நிறுத்துவதற்கு அம்மாவிடம் சொல்ல ஒரு காரணமாகும்.

அம்மாவின் கவலைகளை நீங்கள் சற்று அலட்சியமாக எழுதியிருப்பதாகத் தோன்றியது. அவை நியாயமானவை. உடையைப் பொறுத்தவரை, காற்சட்டையின் கீழ் கால்களை மூடும் இறுக்கமான உடையை அணியச் சர்வதேச விதிகள் அனுமதிக்கின்றன. அதை அணியும் எல்லோருக்கும் ஒரே நிறமாக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. ஆசிரியரிடம் பேசி அணி முழுவதற்கும் கறுப்பு நிறத்தில் வாங்கினால் தங்கை மட்டும் வித்தியாசமாகத் தெரிய மாட்டாள். இருட்டுவதைப் பொறுத்தவரை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கடைசி பஸ்ஸுக்குப் பின் முடியும் பயிற்சிக்குப் பெண் பிள்ளையை அனுப்ப வேண்டாம். பயிற்சியைக் காலைக்கு மாற்றுவதோ, ஒரே தோட்டத்துப் பிள்ளைகள் சேர்ந்து பெரியவர் ஒருவரோடு திரும்புவதோ பாடசாலையோடு பேசித் தீர்க்க வேண்டியது, அம்மாவின் மனத்தை மாற்றித் தீர்க்க வேண்டியதல்ல. அணி வெளியூர் போகும்போது பெண் ஆசிரியர் ஒருவர் கூடப் போகிறாரா என்று கேட்பதற்கும் அவருக்கு முழு உரிமை உண்டு.

பரீட்சையைப் பொறுத்தவரை, தங்கை அடுத்த ஆண்டு தரம் 10 இல் தொகுதிப் பாடங்களைத் தெரிவு செய்யும்போது சுகாதாரமும் உடற்கல்வியும் என்ற பாடத்தைக் கவனத்தில் கொள்ளலாம். ஆடுகளத்தில் கற்பதில் ஒரு பகுதியாவது பரீட்சைக்கு உதவும். தேசிய, சர்வதேச மட்டத்தில் சாதித்தவர்களுக்குப் பல்கலைக்கழகத்தில் விசேட அனுமதி உண்டு என்பது உண்மை, ஆனால் அதற்கும் உயர்தரத்தில் குறைந்தபட்சத் தகைமை வேண்டும். விளையாட்டால் வேலை கிடைக்கும் என்று நம்பிப் படிப்பை விடச் சொல்பவர் யாராக இருந்தாலும் அவரிடமிருந்து பிள்ளையைத் தள்ளிவையுங்கள்.

கொழும்புப் பயிற்சி நிலையம் இப்போது வேண்டாம். அங்கே கிடைப்பது பெரும்பாலும் அந்த 4 நிமிடங்களுக்கான பயிற்சி. மீதி 36 நிமிடங்கள் சொந்த அணியோடு தினமும் ஆடித்தான் வரும். கொழும்புக்கு வெளியே இந்த ஆட்டம் வளராது என்பதும் சரியல்ல. 1948 இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க இயேசுசபைத் துறவி யூஜின் ஹேபர்ட் அடிகளார், மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் பல தலைமுறை மாணவர்களுக்குக் கூடைப்பந்தாட்டம் கற்பித்து, அந்த ஊரையே இந்த ஆட்டத்துக்குப் பெயர்பெற்ற ஊராக்கினார். 1990 ஆகஸ்டில் அவர் காணாமற்போன பிறகும் அந்த மரபு அங்கே தொடர்கிறது. உயரமான பிள்ளைகளைத் தேடிப் போகாமல், ஒரே ஆடுகளத்தில் ஆண்டுக்கணக்காக ஒரே அடிப்படைகளைச் சொல்லிக்கொடுத்ததால் உருவானது அது. மலையகத்துக்கு இல்லாதது திறமை அல்ல, அப்படி நிலைத்து நிற்கும் ஆசிரியர்கள்தான். உங்கள் தங்கைக்கு வாய்த்திருக்கும் விளையாட்டாசிரியர் அக்கறையுள்ளவராகத் தெரிகிறார், அவரோடு ஒத்துழையுங்கள்.

சேமித்த பணத்தில் பெண்கள் ஆடும் 6 ஆம் இலக்கப் பந்து ஒன்றும், அவளுடைய காலை அளந்து, கணுக்காலில் தளராத, அடிப்பகுதி வழுக்காத சப்பாத்து ஒரு சோடியும் வாங்குங்கள். வளர்ந்து போடுவாள் என்று ஓர் இலக்கம் பெரிதாக வாங்க வேண்டாம், கால் உள்ளே சறுக்கினால் கணுக்கால் பிசகும். பந்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும் நாளில் விளையாட்டாசிரியரைச் சந்தித்து, அடுத்த வலயத் தெரிவுக்கு அவளை எந்த இடத்து ஆட்டக்காரியாக அனுப்பப்போகிறார் என்று கேளுங்கள். பந்தோடு ஓடுபவள் என்று பொதுவாக அனுப்பாமல் கார்ட் என்று எழுதி அனுப்பும்படியும், எதிரணியின் கார்டை மறிக்கும் பொறுப்பைத் தெரிவு ஆட்டத்தில் அவளுக்குத் தரும்படியும் கேட்டுக்கொள்ளுங்கள். சென்ற முறை எடுக்காததற்கு உயரத்தையும் பேசாமையையும் தவிர வேறு காரணம் உண்டா என்பதையும் தெரிவாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்கித் தர அவரால் முடியும். அதில் வரும் பதிலை எனக்கு எழுதுங்கள், பயிற்சி அட்டவணையை அதற்கேற்ப அனுப்புகிறேன்.